கோணக்காட்டுப்புதூருக்கு ரம்ப மிஷின் வந்த கதை

கோணக்காட்டுப்புதூர்க்காரர்களை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவர்கள் சொல்பேச்சு கேட்கிறவர்கள். சொன்னதைச் செய்வார்கள், சொன்னபடியே செய்வார்கள், சொன்னதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். ஆள் வைத்து வேலை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு ஊர் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று சொல்வார்கள். அந்த ஊரிலேயே ரொம்பச் சொல்பேச்சு கேட்கிறவர் நம்ம சென்னியப்பன்.

ஆனி மாதக் காற்றில் சென்னியப்பன் வீட்டு முன்னால் நின்ற பலாமரம் விழுந்தது. வீட்டின் மேல் விழவில்லை, ரோட்டிலும் விழவில்லை. வாசக்கதவுக்கு நேர் எதிரே, ஒரு எட்டு தள்ளி, அளவெடுத்துப் போட்ட மாதிரி குறுக்கே படுத்துக்கொண்டது. கிளையெல்லாம் ஊரார் அடுப்புக்குப் போய்விட்டது. அடிமரம் மட்டும் கிடந்தது. இரண்டு ஆள் கைகோத்தால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும்.

அந்த வீட்டுக்கு அந்த ஒரே வாசல்தான். சென்னியப்பன் சம்சாரம் செல்லாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு மரத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் குடத்தை மரத்தின் மேலேயே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

“ஏனுங்க, சாமில்லுக்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னா அரை நாள்ல அறுத்து எடுத்துட்டுப் போயிருவாரு. சொன்னீங்களா?”

“ராக்கியப்பண்ணன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன் அம்மிணி.”

“நீங்க யாருகிட்ட வேணா கேளுங்க. வைகாசில கட்டிக்கொடுத்த புள்ள தலை ஆடிக்கு வருது. மாப்பிள்ளை வர்றாரு. ஆடி ஒண்ணாந்தேதி அவங்க வந்து நிக்கறப்போ இந்த மரம் நம்ம வாசக்கதவுக்கு முன்னாடி இருக்கக் கூடாது. இருந்துச்சு, அவங்க திரும்பிப் போற வண்டிலயே நானும் ஏறி எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

செல்லாத்தாள் சொன்னால் செய்கிற ஆள். சென்னியப்பனோ அவர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டத் தெரியாத ஆள். தன் வேட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அதுகூடப் போகட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மாள் திட்டித்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார். திட்டு விழாத ஒரு விடியலை நினைத்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ராக்கியப்பன் என்பவர் ஊரில் யோசிக்கிற வேலையைப் பார்ப்பவர். வேறு வேலை பார்த்து யாரும் பார்த்ததில்லை. போனில் வெள்ளைக்காரர்கள் பழைய மிஷின்களைத் துடைத்துப் புதுசாக்குகிற படங்களை இரவு பகலாகப் பார்த்து, அந்தத் துறையில் பெரிய ஆளாகியிருந்தார்.

“நம்ம மரத்தை அடுத்தவன் மிஷின்ல குடுத்து அறுக்கறதா?” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “மானம் போயிரும் சென்னி. சொந்தமா ஒரு மிஷின் வாங்கறோம். அதுவும் பழசு. அந்தக் காலத்து இரும்பு. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்.”

“ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானுங்கண்ணா இருக்குது.”

“அதனாலதான் பழசு வாங்கச் சொல்றேன். புதுசுன்னா பழக நாளாகும். பழசு ஏற்கெனவே பழகியிருக்கும்.”

இந்தக் கணக்கு சென்னியப்பனுக்குச் சரியாகப் பட்டது. யாருக்குத்தான் படாது? பங்காளி ஆறுக்குட்டியின் டெம்போவில் மூன்று பேரும் கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள்.

பழைய மிஷின் விற்கிற தாவூது பாயின் கடையில், சுவரோரமாக அது நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே வார்ப்பிரும்பு உடம்பு. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற ரம்பப் பட்டை, நடுவில் ஒரு இரும்பு மேசை. மேசையில் கட்டையை வைத்துத் தள்ளினால் பட்டை அறுத்துவிடும். உடம்பெல்லாம் துரு.

“பேண்ட்சா. பாட்டன் காலத்துச் சரக்கு,” என்றார் பாய். “மரமும் வெட்டும், இரும்பும் வெட்டும். பெல்ட்டை மாத்திப் போட்டா வேகம் மாறும். மரத்துக்கு வேகம், இரும்புக்கு நிதானம்.”

“எவ்வளவு பெரிய மரம் வெட்டுமுங்க?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“மேசைக்கு மேல இந்தச் சந்து இருக்குதுல்ல? இதுக்குள்ள எது நுழையுதோ அதை வெட்டும்.”

ஆறுக்குட்டி தன் தலையை அந்தச் சந்துக்குள் நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. “தாராளமா இருக்குதுங்க,” என்று சொல்லித் தலையை வெளியே எடுத்தார். விலை முடிந்தது.

பாய் நல்ல மனுஷன். வண்டியில் ஏற்றும்போது புத்தி சொல்லி அனுப்பினார். “சாய்க்காம நிமிர்த்தி வச்சே கொண்டு போங்க. பிரிச்சுத் துடைக்கும்போது, மிஷின்லேர்ந்து வர்றது எதுவும் தொலையக் கூடாது. எது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே திரும்பிப் போயிரணும். பட்டை மாட்டும்போது பல்லு கீழே பார்த்து இருக்கணும். ஓட ஆரம்பிச்சதும் நல்ல மரத்துல கை வைக்காதீங்க, மொதல்ல ஒரு பழைய கட்டையை வெட்டிப் பாருங்க.”

மூவரும் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். சாய்க்கக் கூடாது என்பது ஆறுக்குட்டியின் பங்கு.

கோயமுத்தூரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மேம்பாலம். மேம்பாலத்தில் ஏறினால் வண்டி சாயும், வண்டி சாய்ந்தால் மிஷின் சாயும். ஆகவே ஆறுக்குட்டி மேம்பாலத்தைக் கண்டதும் வண்டியைத் திருப்பினார். திருப்பிய பக்கம் இன்னொன்று நின்றது. ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய ஊருக்கு மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் திருப்பூரைப் பார்த்ததாக ராக்கியப்பன் பிற்பாடு சொன்னார்.

வீட்டு முன்னால் மரம் கிடந்ததால், சந்து வழியாகச் சுற்றி, மிஷினை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இறக்கினார்கள். இறக்க வந்த பத்துப் பேரும் வீட்டின் பின்சுவருக்கும் அதற்கும் நடுவே ஒருக்களித்து நுழைகிற இடுக்கு விட்டு அதை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. மிஷின் மெதுவாக, மரியாதையாக, ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கி நின்றுகொண்டது. அசைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

“பார்த்தியா, அந்தக் காலத்து இரும்பு! அஸ்திவாரம் அதுவே போட்டுக்குது!” என்றார் ராக்கியப்பன்.

துடைக்கிற வேலை ஆரம்பமானது. சென்னியப்பன் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் பச்சை வண்ணமும் பளபளக்கிற இரும்புமாக ஒரு ராஜா மாதிரி மிஷின் வெளியே வந்தது. ஆனால் சென்னியப்பன் சொல்பேச்சு கேட்கிறவர். மிஷினிலிருந்து வருவது எதுவும் தொலையக் கூடாது அல்லவா? கீழே பழைய சேலையை விரித்து, உதிர்ந்த துருவை ஒரு பொட்டு விடாமல் கூட்டி, செல்லாத்தாளின் ஊறுகாய்ப் பாட்டில்களில் பிடித்து, “மேல் சக்கரம்”, “மேசை இடது மூலை” என்று ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் எழுதிவைத்தார்.

பிறகு போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையைக் காய்ச்சி, பாட்டில் பாட்டிலாகத் திறந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டினார். முதுகு ஒடிகிற வேலை. ஒட்டி முடித்ததும் செல்லாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் சுற்றி வந்து பார்த்தார். “வாங்கிட்டு வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியேதானுங்க இருக்குது!”

“அச்சு அசல்!” என்று பூரித்துப்போனார் சென்னியப்பன். “இத்தனூண்டு துருதான் மிச்சம். அது எந்த இடத்துதுன்னுதான் தெரியல. மனசே கேக்கல அம்மிணி.”

செல்லாத்தாள் காலிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது பட்டை. பல் கீழே பார்க்க வேண்டும் என்பது ராக்கியப்பனின் பங்கு. மாட்டினார்கள். மேசைப் பக்கம் இறங்குகிற பட்டையில் பல்லெல்லாம் கீழே பார்த்தது. ராக்கியப்பன் பின்பக்கம் போனார். போனவர் திடுக்கிட்டு நின்றார்.

“சென்னி! பின்னாடி பல்லெல்லாம் மேல பாக்குதுரா!”

ஓடிப் பார்த்தார்கள். உண்மைதான். வட்டமாக ஓடுகிற பட்டை, ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறத்தானே வேண்டும் என்று நீங்களும் நானும் நினைப்போம். நாம் கோணக்காட்டுப்புதூரில் பிறக்கவில்லை.

“பாய் நம்மள ஏமாத்திட்டாருங்களா?” என்றார் ஆறுக்குட்டி.

“பாய் மேல தப்பில்ல. பாதிப் பல்லு சொல்பேச்சு கேக்குது, பாதி கேக்கல. எந்தப் பல்லுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்,” என்று ராக்கியப்பன் சிவப்புப் பெயிண்டை எடுத்து, மேலே பார்த்த பல்லுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்தார். பின்பக்கம் முடிந்ததும், விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆறுக்குட்டி சக்கரத்தைக் கையால் அரைச் சுற்று சுற்றினார். சிவப்புப் பல்லெல்லாம் முன்பக்கம் வந்தன. குனிந்து பார்த்தார்கள். ஒன்று விடாமல் எல்லாம் கீழே பார்த்தன.

“திருந்திருச்சுங்கண்ணா!” என்று சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அவசரப்படாதே,” என்று ராக்கியப்பன் பின்பக்கம் போனார். அங்கே இப்போது பெயிண்ட் படாத பல், அதாவது காலை வரைக்கும் யோக்கியமாக இருந்த பல், எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “சேர்க்கை சரியில்ல. கெட்டதைத் திருத்தப் போயி நல்லதும் கெட்டுப்போச்சு.”

அன்றைக்கு முழுக்கப் பேசினார்கள். பட்டையை இரண்டாக வெட்டி நல்ல பாதியை மட்டும் மாட்டலாம் என்றார் ஆறுக்குட்டி. மிஷினையே தலைகீழாக நிறுத்தலாம் என்றார் சென்னியப்பன். அது சாய்த்த கணக்கில் சேரும் என்று ஆறுக்குட்டி மறுத்தார். மோர் கொண்டு வந்த செல்லாத்தாள், “மரம் வெட்டற பக்கம் கீழ பாத்தாப் போதாதுங்களா?” என்று கேட்டார்.

“அதெப்படி அம்மிணி? முன்னாடி ஒரு நியாயம், பின்னாடி ஒரு நியாயமா?” என்றார் ராக்கியப்பன். கடைசியில், எந்தப் பாதியும் நிரந்தரமாகக் கெட்டுப்போகவில்லை, மாறி மாறித்தான் கெடுகிறது, இந்த அளவுக்கு ஒழுக்கம் எந்தக் கூட்டத்திலும் இருப்பதில்லை என்று முடிவு செய்து, பட்டையை மன்னித்து விட்டுவிட்டார்கள்.

மோட்டாரை மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். என்ன ஆச்சரியம், மிஷின் ஓடியது! பாட்டன் காலத்து இரும்பு கோயில் யானை மாதிரி ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. ஒட்டிய துரு முழுவதும் பறந்து வந்து மூன்று பேர் மேலும் அப்பியது. தலை முதல் கால் வரை செம்மண் பொம்மை போல நின்று, மூவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குள் ஆனி முடிகிற நாள் வந்துவிட்டது. மகளையும் மாப்பிள்ளையையும் முறைப்படி அழைத்து வர செல்லாத்தாள் தன் அண்ணனோடு புறப்பட்டார். மரத்தில் ஏறி நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “நாளைக்குக் காலைல வந்துருவேன். சொன்னது நெனப்பிருக்கட்டும்.”

வண்டி மறைந்ததும் சென்னியப்பன் ராக்கியப்பனிடம் ஓடினார். “அண்ணா, இன்னிக்கே மரத்தை அறுத்தாகணும்.”

“மொதல்ல பழைய கட்டை,” என்று ஞாபகப்படுத்தினார் ராக்கியப்பன். “பாய் சொன்னதை மீறக் கூடாது.”

பழைய கட்டைக்கு எங்கே போவது? விறகுக் குவியலில் கிடந்தது போன வருஷத்து வேலமரம், அதைப் பழசென்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆறுக்குட்டியின் ஏர்க்கலப்பை அவர் அப்பா காலத்தது, அதுவும் போதவில்லை. ஊரெல்லாம் விசாரித்ததில், ஊரிலேயே பழைய மரம் சென்னியப்பன் வீட்டு வாசக்கதவுதான் என்று தெரிந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா தேக்கில் செய்து வைத்தது. செல்லாத்தாள் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைக்கிற கதவு.

சென்னியப்பன் கொஞ்சம் தயங்கினார். ஆனால் நாம் வெறுமனே வாங்கி வந்தவர்கள், மிஷினைத் தெரிந்து சொல்லிக் கொடுத்தவர் பாய். கதவை நிலையோடு பெயர்த்து, மரத்துக்கு மேலே தூக்கிக் கடத்தி, பொடக்காலிக்குக் கொண்டுவந்தார்கள்.

கதவில் வரிசையாக இரும்புக் குமிழ்கள் அடித்திருந்தன. மரத்துக்கு வேகம், இரும்புக்கு நிதானம். “மரம்!” என்று ராக்கியப்பன் கத்துவார், ஓட்டுவார்கள். “இரும்பு!” என்பார், நிறுத்தி பெல்ட்டை மாற்றுவார்கள். குமிழ் தாண்டியதும், “மரம்!” என்பார், மறுபடி மாற்றுவார்கள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்: கதவு நடுவில் நூல் பிடித்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. அப்படி ஒரு வெட்டை அந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது.

அப்புறம் பலாமரத்துக்குப் போனார்கள். தூக்க முடியவில்லை. தூக்கினாலும் வழியில்லை. ஆறுக்குட்டி கயிறு போட்டு அளந்து, ஓடிப்போய் மிஷின் மேசைக்கு மேலிருந்த சந்தில் வைத்துப் பார்த்தார். அவர் தலையைப் போல மரம் ஆறு மடங்கு இருந்தது.

“பிரச்சினை சின்னதுதான்,” என்றார் ராக்கியப்பன். “மிஷினோட கழுத்து, அதான் மேல் சக்கரத்தைத் தாங்கற தூணு, மரத்துக்குக் குறுக்க நிக்குது. கழுத்து இரும்பு. இந்த மிஷின் இரும்பும் வெட்டும். அதனால மிஷினோட கழுத்தை மிஷின்லயே வெட்டிருவோம்.”

மிஷினை மிஷினுக்குள் எப்படி நுழைப்பது என்று பொழுது சாயும்வரை பார்த்தார்கள். முன்பக்கமாக முடியவில்லை. பக்கவாட்டிலும் முடியவில்லை.

சென்னியப்பன் போய்ப் பலாமரத்தின் மேல் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். “போயிருவாண்ணா. நாளைக்கே போயிருவா. அவ இல்லாத ஊட்ல நான் என்னண்ணா பண்ணுவேன்?”

ராக்கியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். “அழுவாதே. அம்மிணி என்ன சொன்னாங்க? ஒரு சொல்லு மாறாம அப்படியே சொல்லு.”

“மாப்பிள்ளை வந்து நிக்கறப்போ, மரம் வாசக்கதவுக்கு முன்னாடி இருக்கக் கூடாதுன்னு சொன்னா.”

ராக்கியப்பன் திரும்பி வீட்டைப் பார்த்தார். கதவு இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. “இந்த மரத்துக்குப் பின்னாடி இப்ப கதவு எங்கடா இருக்குது?”

சென்னியப்பன் அழுகையை நிறுத்தினார். மூன்று பேரும் எழுந்தார்கள்.

நான் முன்னமே சொன்னேன், சொன்னதைச் செய்கிற ஊர். பின்சுவரை இடித்தார்கள். வெட்டிய பாதிகள் மிஷினடியில்தானே கிடக்கின்றன, தூக்குகிற வேலை மிச்சம் என்று மிஷினுக்கு நேராகவே இடித்தார்கள். அந்தச் செங்கல்லை எடுத்து முன்பக்க ஓட்டையை அடைத்துப் பூசினார்கள். பின்பக்கம் நிலையை நட்டு, பிளந்த இரண்டு பாதியையும் இரட்டைக் கதவாக மாட்டினார்கள். சென்னியப்பன் அதற்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்தார்.

ஆடி பிறந்தது. மகளும் மாப்பிள்ளையும் செல்லாத்தாளும் அண்ணனும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். பலாமரம் இருந்த இடத்தில் இருந்தது. அதன் பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தது. மரத்தின் மேல் புது வேட்டியில் சென்னியப்பன் கும்பிட்டபடி நின்றார்.

“வாங்க மாப்பிள்ளை, வாங்க! பின்னாடி வாங்க!”

சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். கதவு அழகாகத் திறந்திருந்தது. கதவுக்கு முன்னால், ஒரு சாண் மண்ணுக்குள் கால் புதைத்து, ரம்ப மிஷின் நின்றது. நடுவிலிருந்த இடுக்கில் செல்லாத்தாள் ஒருக்களித்து நுழைந்து உள்ளே போனார். மகளும் போனாள். மாப்பிள்ளைக்குக் கல்யாண விருந்துகளில் பருத்த உடம்பு. இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார், பிறகு மேசைக்கு மேலே இருந்த சந்தைப் பார்த்தார்.

“அதுல வேண்டாமுங்க மாப்பிள்ளை,” என்றார் ஆறுக்குட்டி பணிவாக. “அதுக்குள்ள நுழையறதை அது வெட்டிருமுங்க.”

கடைசியில் மிஷினின் இரும்பு மேசை மேல் வாழை இலை போட்டு, உள்ளேயிருந்து மாமியார் பரிமாற, வெளியே முக்காலியில் உட்கார்ந்து மாப்பிள்ளை தலை ஆடி விருந்து சாப்பிட்டார். நல்ல இடத்துப் பையன். பாயசத்தில் விழுந்த துருவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “சௌகரியமா இருக்குதுங்க,” என்றார்.

சாப்பாடு முடிந்து வண்டி கிளம்பத் தயாரானது. சென்னியப்பன் கையைப் பிசைந்துகொண்டு செல்லாத்தாள் எதிரே போய் நின்றார். “அம்மிணி, கதவுக்கு முன்னாடி மரம் இருக்குதா பாரு. இல்லைல்ல? போக மாட்டீல்ல?”

செல்லாத்தாள் கதவைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். அடுப்படிக்குள் வெயில் அடிப்பதைப் பார்த்தார். அண்ணன் வண்டியிலிருந்து, “ஏறு ஆத்தா,” என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான். மரம் கதவுக்கு முன்னால் இல்லை.

“நீங்க போங்கண்ணா,” என்றார். சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. உடனே அவர் பக்கம் திரும்பி, இடுப்பில் கையை வைத்தார்.

“இந்தா பாருங்க. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை மறுபடி வர்றாரு. அவரு வந்து நிக்கறப்போ இந்த மிஷினு இந்தக் கதவுக்கு முன்னாடி இருக்கக் கூடாது. இருந்துச்சு, அன்னிக்கு நிச்சயமாப் போயிருவேன்.”

“அவ்வளவுதானே அம்மிணி!” என்றார் சென்னியப்பன் சந்தோஷமாக.

ராக்கியப்பன் அதற்குள் வீட்டைச் சுற்றிப் போய், வடக்குச் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். ஆறுக்குட்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.